அம்மாவுக்குக் கொடுத்த மூன்று நிமிடம்

கொட்டாஞ்சேனைக் கிளையிலிருந்து மாநாட்டுக்கு மூன்று பேராளர்களை அனுப்ப வேண்டும், அதில் ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்க வேண்டும் என்று கட்சித் தலைமையகத்திலிருந்து கடிதம் வந்த அன்றுதான், கட்சியில் பெண்களும் இருக்கிறார்கள் என்பது எங்கள் கிளைத் தலைவருக்கு நினைவு வந்தது. அவர் எங்கள் சந்து முனையில் தேநீர்க் கடை வைத்திருந்தார். சந்தில் எல்லாரும் அவரை அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் கூப்பிடுவோம். கிளைக் கூட்டம் அந்தக் கடையில்தான் நடக்கும். கூட்டம் முடிந்ததும் ப்ளேன்டீ இலவசம் என்பதால் ஆளுக்குக் குறைவே இருக்காது. பெண்களில் போகிறவள் அம்மா ஒருத்திதான். அவளும் உள்ளே உட்கார மாட்டாள், வாசல் பக்கம் நின்று கேட்டுவிட்டு, கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு வந்துவிடுவாள்.

அம்மா வீட்டில் இருந்தபடி சட்டை தைப்பவள். எங்கள் தோட்டத்துப் பெண்கள் எல்லாருடைய அளவும் அவளுக்கு மனப்பாடம், எல்லாருடைய கஷ்டமும் அப்படியே. தோட்டம் என்றதும் மரம் செடி என்று நினைத்துவிட வேண்டாம். கொழும்பில் தோட்டம் என்றால் ஒரு குறுகிய நடைபாதையின் இரு பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும் வீடுகள். எங்கள் தோட்டத்தில் இருபத்திரண்டு வீடு. எல்லா வீட்டுக்கும் சேர்த்துக் கடைசியில் ஒரு பைப்படி, அதற்குப் பக்கத்தில் நான்கு கக்கூஸ். நான்கில் இரண்டுக்குக் கதவு இல்லை. மற்ற இரண்டுக்கும் கதவு உண்டு, தாழ்ப்பாள் இல்லை. லைட் எதற்கும் இல்லை.

நானா அம்மாவின் பெயரைச் சொன்னபோது யாரும் எதிர்க்கவில்லை. எதிர்க்கும் அளவுக்கு அது பெரிய விஷயம் என்று யாருக்கும் தோன்றவில்லை. பயப்படாமல் போய் உட்கார்ந்துவிட்டு, பகல் சாப்பாட்டுப் பார்சலையும் வாங்கிக்கொண்டு வந்தால் போதும் என்று நானாவே தைரியம் சொல்லித்தான் படிவத்தைக் கொடுத்தார். படிவத்தின் கடைசியில் ஒரு கேள்வி இருந்தது. வீடமைப்புத் தீர்மானத்தின் மீது பேச விரும்புகிறீர்களா? அம்மா யாரையும் கேட்கவில்லை. தையல் மெஷின்மேல் படிவத்தை வைத்து, சட்டைத் துணியில் கோடு போடும் பென்சிலாலேயே 'ஆம்' என்று எழுதிவிட்டாள்.

இதைக் கேட்ட நானா அன்றைக்கு ஒரு தேநீரில் இரண்டு தடவை சீனி போட்டார் என்று சொல்வார்கள். அப்பாவோ அன்றிலிருந்து அம்மாவை 'அமைச்சரம்மா' என்று கூப்பிடத் தொடங்கினார். அமைச்சரம்மா கொஞ்சம் சோறு போடுவாங்களா, அமைச்சரம்மாவுக்குப் பேட்டி கொடுக்க நேரமிருக்குமா என்று ஒரே நக்கல். ஆனால் அவர் வேலை செய்யும் நாலாம் குறுக்குத் தெருக் கடைக்கு வருகிற ஆட்களிடமெல்லாம், எங்க வீட்டம்மா மாநாட்டுல பேசுறாங்க என்று வெங்காயம் நிறுக்கும்போதே சொல்லிக்கொண்டிருந்தாராம். அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒருவருக்கு மூன்று நிமிடம். மூன்று நிமிடம் முடிந்ததும் தலைமை தாங்குகிறவர் மணி அடிப்பார், அதற்கு மேல் மைக் வேலை செய்யாது. நானா இதைத் திரும்பத் திரும்பச் சொல்லி எச்சரித்தார். அவர் ஒரு தடவை 'இறுதியாக' என்று சொல்லி மூச்சு வாங்கிய நேரத்தில் மைக்கை அமர்த்திவிட்டார்களாம். அந்த இறுதியாகவுக்குப் பிறகு என்ன இருந்தது என்று அவர் கடைசிவரை எங்களுக்குச் சொல்லவேயில்லை.

பேச்சை எழுத மாமா வந்து சேர்ந்தார். மாமா அம்மாவின் அண்ணன். ஜிந்துப்பிட்டிக் கோவில் திருவிழாவில் மைக் பிடிப்பவர். காணாமல் போன பிள்ளையையும், கண்டெடுத்த சாவிக்கொத்தையும், அன்னதானம் கொடுத்த முதலாளியையும் ஒரே உருக்கத்தோடு அறிவிக்கக்கூடிய குரல் அவருக்கு. அம்மா கணக்குக் கொப்பியில் பென்சிலால் ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தாள். அந்தப் பக்கத்தில் கக்கூஸைத் தவிர வேறொன்றும் இல்லை. இரண்டுக்குக் கதவு இல்லை என்பது, வெளிச்சம் வருவதற்கு முன்னே பெண்கள் இரண்டு இரண்டு பேராக எழும்பிப் போவது, ஒருத்தி உள்ளே போக ஒருத்தி பழைய சேலையை விரித்துப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்பது, எல்லாம் இருந்தது. மாமா படித்துப் பார்த்தார். நல்லாத்தான் இருக்கு, ஆனா இதை எடுத்த எடுப்பிலே சொல்லக் கூடாது, முக்கியமானது கடைசியில்தான் வரணும் என்றார். பிறகு அதற்கு முன்னால், அலைகடலெனத் திரண்டிருக்கும் பேராளப் பெருமக்களுக்கு ஒன்றும், மேடையை அலங்கரிக்கும் பெரியோர்களுக்கு ஒன்றும், கட்சியின் பொற்கால வரலாற்றுக்கு ஒன்றுமாக மூன்று பக்கங்களைச் சேர்த்துக் கொடுத்தார்.

மாநாட்டுக்குப் பத்து நாள் இருந்தது. தினமும் பின்னேரம், நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் ஒத்திகை. தையல் மெஷின்தான் அம்மாவுக்கு மேடை. எண்ணெய் விடும் குப்பி மைக். மாமா கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்து பொதுமக்களாக இருப்பார். மணிக்கூடு அம்மாவின் தலைக்குப் பின்னால் சுவரில் தொங்கியதால் அதைப் பார்த்து மணி அடிக்கும் உத்தியோகம் எனக்கு. வீட்டில் இருந்தது ஒரே மணி, சாமித் தட்டில் இருக்கும் பித்தளை மணி. அதில்தான் ஒரு சங்கடம். அந்த மணியைக் கேட்டவுடனே அம்மாவின் கை தானாகக் குவிந்துவிடும், கண் மூடிவிடும். மாமாவும் படுத்தபடியே கும்பிடுவார். ஒரு நாள் பக்கத்து வீட்டு அக்கா, பூசை முடிஞ்சிருச்சா, பிரசாதம் ஒண்ணும் இல்லியா என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்துவிட்டாள்.

இனி என் சங்கதிக்கு வருகிறேன். அப்போது எனக்குப் பதினொரு வயது. பம்பலப்பிட்டியில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் படித்தேன். அம்மா நாயாய்ப் பேயாய் அலைந்து வாங்கித் தந்த இடம் அது. வகுப்பில் என் பக்கத்தில் இருந்த சிநேகிதி வெள்ளவத்தையில், கடல் தெரியும் மாடி வீட்டில் குடியிருந்தாள். அவளுக்கு நான் எங்கள் வீட்டைப் பற்றி நிறையச் சொல்லியிருந்தேன். எங்கள் வீடும் மாடி வீடுதான், என் அறைக்குத் தனி பாத்ரூம் இருக்கிறது என்பதெல்லாம் அதில் அடக்கம். அவள் ஒரு நாள் வந்து பார்க்க ஆசைப்பட்டபோது, எங்கள் வீட்டில் பொல்லாத கடிநாய் ஒன்று இருப்பதாகவும் சொல்லியிருந்தேன். அந்த நாய் யாரையெல்லாம் கடித்தது என்பதை அவ்வப்போது புதுப்பித்துக்கொண்டும் இருந்தேன். பொய்யை வளர்ப்பதில் எனக்கு அப்போது நல்ல கெட்டித்தனம்.

அம்மா பேராளர் என்பதைப் பெருமையாக அவளிடம் அவிழ்த்துவிட்ட அன்றுதான் வந்தது வினை. "எங்கட அப்பாவும் போறார். என்னையும் கூட்டிக்கொண்டு போறன் எண்டவர்" என்றாள் அவள்.

அவளுடைய அப்பா வழக்கறிஞர், வெள்ளவத்தைக் கிளையிலிருந்து பேராளர். அவர் முன்னால், அவள் முன்னால், அத்தனை பெரிய மண்டபத்தில் அம்மா மைக்கைப் பிடித்துக்கொண்டு எங்கள் கக்கூஸைப் பற்றிச் சொல்லப் போகிறாள். அதைவிட நிலம் பிளந்து என்னை விழுங்கிவிட்டால் தேவலை என்றிருந்தது.

முதல் நாள் ஒத்திகையில் நான் ஒரு பிழையும் செய்யவில்லை. மணிக்கூட்டைப் பார்த்து, சரியாக மூன்றாவது நிமிடத்தில் அடித்தேன். அப்போது அம்மா பொற்கால வரலாற்றின் நடுவில் நின்றாள். கக்கூஸ் வரவேயில்லை. மாமாவுக்கு முகம் விழுந்துவிட்டது. எனக்கோ கடவுளே கண்ணைத் திறந்த மாதிரி இருந்தது.

மறுநாள் அம்மா அலைகடலை வெட்டிவிட்டு வந்தாள். மூன்று நிமிடத்துக்கு இன்னும் அரை நிமிடம் இருக்கும்போதே, 'எங்கள் தோட்டத்தில்' என்று தொடங்கிவிட்டாள். என் கை என்னைக் கேட்காமலே மணியை அடித்தது. அம்மா கையைக் கூப்பிக் கண்ணை மூடித் திறந்து, முடிஞ்சிருச்சா என்று கேட்டாள். முடிஞ்சிருச்சு என்றேன். சரி, நாளைக்குப் பாப்போம் என்று கடதாசியை மடக்கிக்கொண்டு உடனே அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அதற்கு அடுத்த நாள் மேடைப் பெரியோர்கள் போனார்கள். நான் இன்னும் முந்தி அடித்தேன். பிறகு பொற்காலம் பாதியாகக் குறைந்தது. நான் மேலும் முந்தினேன். தான் எழுதியதெல்லாம் கத்தரிக்கோலுக்குப் போவதைப் பார்த்து மாமா கட்டிலில் கிடந்து பெருமூச்சு விட்டார். மைக் முன்னாடி நின்னா நேரம் இப்பிடித்தான் பறக்கும், எனக்குத் தெரியாதா என்று தன்னைத்தானே தேற்றிக்கொள்ளவும் செய்தார். என்னை ஒருவரும் சந்தேகிக்கவில்லை. பதினொரு வயதுப் பிள்ளை மணிக்கூட்டில் கள்ளம் செய்யும் என்று யார் நினைப்பார்கள்?

இதற்கிடையில் தோட்டத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்துபோனார்கள். ஒருத்தி எலித் தொல்லையையும் சேர்த்துச் சொல்லச் சொன்னாள். இன்னொருத்தி மகனுக்குத் துறைமுகத்தில் வேலை கேட்டாள். அம்மா எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, மூன்று நிமிடத்தில் இது ஒன்றைத்தான் கேட்க முடியும், மற்றதை நகரசபைக்கு மனுவாகக் கொடுப்போம் என்று சமாதானம் சொல்லி அனுப்பினாள். பக்கத்து வீட்டு அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய நீலச் சேலையைக் கொண்டுவந்து கொடுத்தாள். மாநாட்டு நாளில் எங்கள் வீட்டுச் சமையலைத் தான் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னாள். கழுத்தில் மாட்டும் பேராளர் அட்டை வந்தபோது அது கை கையாக இருபத்திரண்டு வீட்டுக்கும் போய், கடைசியில் கொஞ்சம் மீன் வாசத்தோடு எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தது.

மாநாட்டுக்கு இரண்டு நாள் இருக்கையில் அம்மா ஒரு காரியம் செய்தாள். கொப்பியில் மிச்சமிருந்த எல்லாவற்றையும் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டு, கடைசியில் இருந்த பக்கத்தைக் கிழித்து முன்னால் வைத்தாள். மெஷினுக்குப் பின்னால் போய் நின்றாள். வணக்கம் ஒன்று, அதற்கு அடுத்த சொல்லே 'எங்கள் தோட்டத்தில்'.

நான் அரை நிமிடத்தில் மணியை அடித்துவிட்டேன். மாமா ஒரு கண்ணைத் திறந்து, என்னாடி, இப்பத்தானே வாயைத் தொறந்தா என்றார். கை வழுக்கிவிட்டது என்று சமாளித்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். கோபிக்கவில்லை. திரும்பவும் வணக்கத்திலிருந்து தொடங்கினாள். அன்றைக்கு முதல் தடவையாக அவள் முழுவதையும் சொல்லி முடித்தாள். தீர்மானத்தில் மாடி வீடு கட்டித் தருவதாக எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம், அதை நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் மாடி வீடு வரும்வரை இருக்கிற கக்கூஸுக்குக் கதவும் தாழ்ப்பாளும் லைட்டும் போட்டுத் தர வேண்டும் என்று ஒரு வரியைத் தீர்மானத்தில் சேருங்கள் என்பதுதான் முடிவு. இரண்டு நிமிடம் கூட ஆகவில்லை. என் மூன்று நிமிடம் அந்த நாட்களில் சுருங்கி அவ்வளவுக்குத்தான் வந்திருந்தது. அவள் கடைசிச் சொல்லைச் சொல்லி வாயை மூடவும் நான் மணியை அடித்தேன். மாமா எழும்பி உட்கார்ந்து கை தட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா தன் கையாலேயே அந்த நீலச் சேலையை ஸ்திரி போட்டுக் கொடுத்தார். அன்றைக்கு அமைச்சரம்மா என்று ஒரு தடவை கூடச் சொல்லவில்லை. பேராளர்கள் பிள்ளைகளைக் கொண்டுவரலாம் என்று கடிதத்தில் இருந்ததால் நானும் போனேன். வயிற்றுவலி என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. தோட்டத்து வாசலில் பெண்கள் எல்லாரும் நின்றார்கள். எங்களோடு நானாவும், கிளையின் மூன்றாவது பேராளரும் புதுச் சட்டையோடு ஆட்டோவில் ஏறினார்கள்.

மண்டபம் நான் அதுவரை பார்த்த எல்லா இடத்தையும்விடப் பெரிது. முன்னால் மேடை, நடுவில் பேராளர்கள், பின்வரிசைகளில் எங்களைப் போன்ற பிள்ளைகள். தமிழில் பேசுவதைச் சிங்களத்திலும், சிங்களத்தில் பேசுவதைத் தமிழிலும் கேட்பதற்கு எல்லாருக்கும் காதில் மாட்டும் கருவி கொடுத்திருந்தார்கள். என் சிநேகிதி என்னைக் கண்டதும் ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். நான் அவளுக்கு டொஃபி கொடுத்தேன். பாட்டுப் பாடலாமா என்று கேட்டேன். வெளியே போய் வாகனங்களைப் பார்ப்போம் என்றும் கூப்பிட்டேன். அவள் அசையவில்லை. உங்கட அம்மா பேசுறதைக் கேக்க வேணும் என்றாள்.

அம்மாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் மேடைக்குப் போவது பின்னாலிருந்து பார்க்க ஒரு நீலப் புள்ளியாகத் தெரிந்தது. பேசத் தொடங்கியதும் நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒரு சொல்லும் தடுக்காமல், தைப்பதைப் போல ஒரே சீராகச் சொல்லிக்கொண்டு போனாள். கதவு, சேலை, இருட்டு எல்லாம் வந்தது. பிறகு அந்த ஒரு வரியைத் தீர்மானத்தில் சேர்க்கும்படி கேட்டுவிட்டு அம்மா நிறுத்தினாள்.

நிறுத்தினாளே தவிர, இறங்கவில்லை. மணி அடிப்பதற்காகக் காத்துக்கொண்டு நின்றாள். வீட்டில் ஒவ்வொரு நாளும் முடிவு மணியோடுதான் வந்தது, இங்கே மணியைக் காணோம். மண்டபம் முழுவதும் அவளைப் பார்த்தது, அவள் தலைமை தாங்கிய வயதான அம்மையாரைப் பார்த்தாள். காரணம் தெரிந்தவள் அங்கே நான் ஒருத்திதான். கடைசியில் அம்மா மைக்கிலேயே, மணி அடிக்கலியே என்றாள். சிரிப்பு எழுந்தது. அம்மையார் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, சிங்களத்தில், தங்கச்சி என்கிற மாதிரி நங்கி என்று கூப்பிட்டு, இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது, பேசுங்கள் என்றார்.

அம்மாவிடம் கடதாசியில் ஒன்றும் மிச்சமில்லை. அதை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். பிறகு அவளுடைய குரல் வேறு மாதிரி வந்தது, வீட்டில் அப்பாவிடம் பேசுகிற குரல்.

"எனக்கு ஒரு மக இருக்கா. பொழுது பட்டதுக்கு அப்புறம் அவ தண்ணி குடிக்க மாட்டா. சோறு விக்குனாலும் குடிக்க மாட்டா. ஏன்னு நான் ஒரு நாளும் அவகிட்ட கேட்டதில்ல." மடித்த கடதாசியை இன்னொரு தடவை மடித்தாள். "எனக்குத் தெரியும். நானும் குடிக்கிறதில்ல."

தமிழ் தெரிந்தவர்கள் முதலில் அடங்கினார்கள். காதுக் கருவியில் மொழிபெயர்ப்பு கொஞ்சம் பிந்தித்தான் வரும். அது வந்து சேரச் சேர மற்ற வரிசைகளும் ஒவ்வொன்றாக அடங்கின. அந்த அமைதியில் மணி அடித்தது. அம்மா உடனே இரண்டு கையையும் கூப்பிக் கண்ணை மூடினாள். மண்டபம் அதை வணக்கம் என்று எடுத்துக்கொண்டு எழுந்து நின்று கை தட்டியது. இவ்வளவு பேசிவிட்டு எவ்வளவு அடக்கம் என்று பின்வரிசையில் ஒருவர் வியந்தார். அது சாமிக்குப் போட்ட கும்பிடு என்று நான் சொல்லப் போகவில்லை.

பேராளர் அட்டைகளை உயர்த்தச் சொன்னார்கள். முன்னே பார்த்தேன், சிநேகிதியின் அப்பாவின் கையும் உயர்ந்திருந்தது. அந்த வரி தீர்மானத்தில் ஏறிவிட்டது. நானா இருக்கையிலிருந்து எழும்பி, எங்க கிளை, எங்க கிளை என்று அக்கம்பக்கத்தாருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சிநேகிதி என் பக்கம் திரும்பினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப உங்கட நாய் எங்க நிக்கிறது?"

செத்துப்போச்சு என்றேன். அவளுக்கு உண்மையாகவே கவலையாகிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். தங்கள் மாடி வீட்டில் மோட்டார் பழுதாகி மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை, வாளியில் சுமந்து ஏற்றுகிறோம் என்று அவளாகவே சொன்னாள். கதவுகள் வந்த பிறகு ஒரு நாள் எங்கள் வீட்டுக்கும் வந்தாள். கதவுகள் வந்தன, அதைச் சொல்ல மறந்துவிட்டேன். அந்த வருஷத்து மழை விட்டதும் வந்தன, நான்கு கதவும் ஒரு லைட்டும். தாழ்ப்பாள் மட்டும் வரவில்லை. அதை அப்பா வாங்கிவந்து அடித்தார்.

அன்றைக்கு வீடு திரும்பியபோது பொழுது பட்டிருந்தது. தோட்டமே எங்கள் வாசலில் கூடி நின்று கேட்க, மாமா தான் போகாத மாநாட்டைத் தன் குரலில் எல்லாருக்கும் விவரித்துக்கொண்டிருந்தார். நான் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய் மூலையில் உட்கார்ந்தேன். தண்ணீர் விஷயத்தை அத்தனை பேருக்கு முன்னால் சொல்லிவிட்டாளே என்று எனக்குத் தாங்க முடியாத கோபம். அம்மா சேலைகூட மாற்றாமல் வந்தாள். குடத்திலிருந்து ஒரு செம்பு தண்ணீர் மொண்டு, நின்றபடியே கடகடவென்று முழுவதையும் குடித்தாள். இன்னொரு செம்பு மொண்டு என்னிடம் நீட்டினாள்.

"குடி. நானும் கூட வர்றேன்."

குடித்தேன். கொஞ்ச நேரம் கழித்து டோர்ச்சை எடுத்துக்கொண்டு இருவரும் போனோம். நான் உள்ளே இருக்க, அவள் பக்கத்து வீட்டு அக்காவின் நல்ல நீலச் சேலையின் முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றாள். அப்போதும் நான் அவள்மேல் கோபமாகத்தான் இருந்தேன். வெட்கம் எனக்கு மட்டும்தான், அம்மாவுக்கு அதெல்லாம் கிடையாது, அதனால்தான் அவளால் அத்தனை பேர் முன்னால் சொல்ல முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.